தோளில் உட்காரும் குட்டி டிராகன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சூடோடிராகனைப் பற்றியவை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டில் மந்திரவாதியின் தோளில் உட்கார்ந்து வரும் அந்தக் குட்டி உயிரினத்துக்கே பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் எண்கள் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் குட்டி டிராகன் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். சூடோடிராகனைக் கொடுத்தால் பின்னால் அது வளர்ந்து ஆட்டத்தையே கெடுத்துவிடுமா?

வளராது. அது டிராகன் குஞ்சு அல்ல, தனி இனம். முழுதாக வளர்ந்ததே வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். ஆயுள் பத்துப் பதினைந்து வருடம். செம்பழுப்புச் செதில், சின்னக் கொம்பு, தோல் சிறகு, வால் நுனியில் ஒரு கொடுக்கு. நெருப்புக் கக்காது. 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற உயிரின விவரப் புத்தகத்திலேயே இடம்பிடித்த பழைய உயிரினம் இது.

ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எதிரி எட்ட வேண்டிய எண்) 13, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7. நடந்தால் 15 அடி, பறந்தால் 60 அடி. இருட்டில் 60 அடி வரை பார்க்கும். 10 அடிக்குள் இருப்பதைக் கண்ணே இல்லாமலும் உணரும். மந்திரங்களுக்கு எதிரான சேவிங் த்ரோ (பாதிப்பைத் தவிர்க்கும் உருட்டல்) எல்லாவற்றிலும் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) உண்டு. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பலரும் கொடுக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இதன் உண்மையான பலம் மூக்கிலும் காதிலும் இருக்கிறது. பார்வை, கேட்டல், மோப்பம் மூன்றிலும் பெர்செப்ஷனுக்கு அட்வான்டேஜ் இருப்பதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அதன் பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் எண்) 13 உடன் 5 சேர்ந்து 18 ஆகிறது. ஆரம்ப லெவல் குழுவில் அந்த எண்ணை எட்டும் ஆள் அநேகமாக இருக்க மாட்டார். ராத்திரிக் காவலுக்கு இதை உட்கார வையுங்கள்.

கேள்வி: என் கதாபாத்திரம் விஸர்ட் (படித்து மந்திரம் கற்றவர்). ஃபைண்ட் ஃபமிலியர் என்ற, துணை உயிரினத்தை அழைக்கும் மந்திரத்தால் சூடோடிராகனை அழைக்க முடியுமா?

அந்த மந்திரத்தின் வழக்கமான பட்டியலில் ஆந்தை, பூனை, தவளை, காகம் போன்றவைதான் உண்டு, சூடோடிராகன் கிடையாது. அதைப் பெற முறையான வழி, வார்லாக் (ஒரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறுபவர்) ஆகி மூன்றாம் லெவலில் பேக்ட் ஆஃப் தி செயின் என்ற ஒப்பந்தத்தை எடுப்பது. அப்போது அதே மந்திரம் இம்ப், குவாஸிட், ஸ்ப்ரைட், சூடோடிராகன் ஆகிய நான்கையும் கூடுதலாகத் தரும். செலவு 10 பொற்காசு மதிப்புள்ள கரி, சாம்பிராணி, மூலிகை. பித்தளைத் தணல் சட்டியில் எரித்துவிட வேண்டும். நேரம் ஒரு மணி, சடங்காகச் செய்தால் ஒரு மணி பத்து நிமிடம். 2024 விதிகளில் இந்த பேக்ட் முதல் லெவலிலேயே எடுக்கக்கூடிய இன்வொகேஷனாகிவிட்டது (வார்லாக் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்), உயிரினப் பட்டியலும் நீண்டிருக்கிறது. இரண்டு புத்தகங்களின் எண்களையும் ஒரே மேசையில் கலக்காதீர்கள்.

விஸர்டுக்கு இன்னொரு பாதையும் இருக்கிறது, அது டி.எம். (ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்) கையில். சில சூடோடிராகன்கள் தாமாக மனமுவந்து ஒருவருடன் பிணைப்பு வைத்துக்கொள்ளும் என்று மான்ஸ்டர் மேனுவலில் ஒரு விருப்ப விதி உண்டு. மந்திரத்தால் வந்ததோடு 100 அடிவரைதான் தொடர்பு; இந்தப் பிணைப்பில் ஒரு மைல் வரை அது உணர்வதை நீங்களும் உணரலாம். அது 10 அடிக்குள் இருந்தால் அதன் மந்திர எதிர்ப்பும் உங்களுக்கு வரும். இது மிகப் பெரிய வரம். அதனால்தான், மந்திரத்தில் அழைத்த சூடோடிராகனுக்கும் இது சேர்த்தே வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விருப்ப விதியை டி.எம். அனுமதித்தால் மட்டுமே உண்டு.

கேள்வி: சூடோடிராகன் எத்தனை முறை கொட்டினாலும் எதிரி மயங்குவதே இல்லை. ஏதாவது தப்பாகச் செய்கிறோமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். எதிரே ஒரு சாதாரணக் காவலாளி: ஆர்மர் கிளாஸ் 16, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) +1. கொடுக்குக்கு உருட்டலோடு சேரும் எண் +4, எனவே இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 45 சதவீதம். பட்ட பிறகு அவன் 11க்கு எதிராகச் சேவிங் த்ரோ போடுவான். 1 முதல் 9 வரை விழுந்தால் தோல்வி, ஒரு மணி நேரம் பாய்ஸன்டு (விஷம் ஏறிய நிலை). மயங்குவதற்கு அது போதாது. 5 அல்லது அதற்கு மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்க வேண்டும், அதாவது 1 முதல் 5 வரை விழ வேண்டும். அது 25 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் ஒரு கொட்டுக்கு மயக்கம் சுமார் 11 சதவீதம். எட்டு ஒன்பது கொட்டில் ஒன்று பலித்தாலே கணக்குச் சரி.

மறைந்திருந்து அட்வான்டேஜோடு கொட்டினால் படும் வாய்ப்பு 70ஐத் தொடும், மயக்கம் 17 ஆகும். எனவே சண்டை தொடங்குமுன், எதிரி பார்க்காதபோது முதல் கொட்டை வைத்துக்கொள்வதே லாபம். டாஷாஸ் கால்ட்ரன் என்ற கூடுதல் விதிப் புத்தகத்தில் உள்ள இன்வெஸ்ட்மென்ட் ஆஃப் தி செயின் மாஸ்டர் என்ற இன்வொகேஷனை எடுத்தால் நிலைமையே வேறு. கொடுக்கின் 11க்குப் பதில் உங்கள் சொந்த ஸ்பெல் சேவ் எண் (உங்கள் மந்திரத்தைத் தவிர்க்க எதிரி எட்ட வேண்டியது) வரும். ஐந்தாம் லெவலில் கரிஸ்மா 18 என்றால் அது 15. அதே காவலாளி, பட்டபின் மயங்கும் வாய்ப்பு 25இலிருந்து 45க்கு ஏறும்.

இனி, வழக்கமாக நடக்கும் விதிப் பிழைகள். எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற வார்லாக் மந்திரத்தை அடித்துவிட்டுக் கூடவே சூடோடிராகனையும் கொட்ட விடுகிறார்கள். செல்லாது. நீங்கள் அட்டாக் ஆக்‌ஷன் எடுத்து, அதில் ஓர் அடியை விட்டுக்கொடுத்தால்தான் அது, தன் முறை அல்லாதபோதும் செய்யக்கூடிய ரியாக்‌ஷனில் தாக்கும். எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரம், அட்டாக் ஆக்‌ஷன் அல்ல. (மேலே சொன்ன இன்வொகேஷன் இருந்தால் போனஸ் ஆக்‌ஷனில் தாக்கச் சொல்லலாம், அப்போது இரண்டும் ஒத்துப்போகும்.) அடுத்தது, மயங்கியவனை இன்னொருவர் வெட்டிவிடுவது. அடி விழுந்தால் விழித்துக்கொள்வான். பக்கத்தில் இருப்பவன் ஒரு ஆக்‌ஷன் செலவழித்து உலுக்கினாலும் எழுந்துவிடுவான். வாயைக் கட்டி, கையைக் கட்டி, ஓரமாக இழுத்துப் போடுங்கள். எலும்புக்கூடு, கல் பொம்மை போன்றவற்றின் மேல் கொடுக்கை வீணாக்க வேண்டாம், விஷம் ஏறாது.

மயங்காவிட்டாலும் பாய்ஸன்டு ஆனதே நல்ல அறுவடை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடிக்கும் உருட்டல், எபிலிட்டி செக் (திறன் உருட்டல்) எல்லாவற்றிலும் அவனுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டித் தாழ்ந்ததை எடுப்பது). அதனால் பாஸிவ் பெர்செப்ஷன் 5 குறையும்; 12 வைத்திருந்த காவலாளி ஒரு மணி நேரத்துக்கு 7. கூச்சல் போட்டு ஆளைக் கூட்டிவிட்டான் என்றாலும், பிறகு அந்தப் பக்கம் ஒளிந்து போவது எவ்வளவோ சுலபம்.

கேள்வி: முதல் சண்டையிலேயே செத்துப்போகிறது. எப்படிக் காப்பாற்றுவது?

கொட்டிவிட்டு அங்கேயே நிற்பதால் சாகிறது. ஆந்தைக்கு இருக்கும் ஃப்ளைபை (அடி வாங்காமல் பறந்து விலகும் திறன்) சூடோடிராகனுக்கு இல்லை. எதிரியின் பக்கத்திலிருந்து சும்மா பறந்து விலகினால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகுபவர் மேல் விழும் கூடுதல் அடி) விழும், 7 ஹிட் பாயிண்ட் அதைத் தாங்காது. ஆனால் ஃபமிலியருக்குத் தனி இனிஷியேட்டிவ் (முறை வரிசை) உண்டு, தன் முறையில் டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகும் செயல்) எடுக்கலாம். எனவே ஒரு முறை உள்ளே பறப்பது, உங்கள் முறையில் கொட்டுவது, அடுத்த முறை டிஸ்எங்கேஜ் செய்து வெளியேறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எதிரிக்கு ஒரு முறை கிடைக்கும், அந்த நேரம்தான் ஆபத்து. கூட்டாளிக்கு அட்வான்டேஜ் தரும் ஹெல்ப் ஆக்‌ஷனுக்காக மட்டுமே ஃபமிலியர் வைத்திருப்பவர் ஆந்தையையே எடுக்கலாம், அதில் சந்தேகமே இல்லை.

கேள்வி: நான் டி.எம். உளவு பார்க்க அனுப்பிவிட்டு ஆட்டக்காரர் முழு வரைபடத்தையும் கேட்கிறார். ரகசியமே மிஞ்சுவதில்லை.

சூடோடிராகனுக்கு காமன், டிராகானிக் என்ற இரண்டு மொழிகளும் புரியும், பேச வராது. 100 அடிக்குள் இருப்பவர் மனதுக்கு எளிய எண்ணம், உணர்ச்சி, காட்சி இவற்றை மட்டும் அனுப்பும். இன்டெலிஜென்ஸ் 10, அதாவது சராசரி மனிதனுக்குச் சமம். எனவே அதை முட்டாளாக்கிக் கட்டுப்படுத்தாதீர்கள். குறுகலாக இருப்பது அது செய்தி சொல்லும் வழிதான். ஒரு தோல் கிடங்குக்குள் போய் வந்தது என்றால் இப்படிச் சொல்லுங்கள்: "ஈரத் தோலின் நாற்றம். தரைப் பலகை இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். அதன் பக்கம் போகவே எரிச்சல்." கீழே ஆள் இருக்கிறார்கள், கூடவே நாய் இருக்கலாம் என்று ஆட்டக்காரர்களே கூட்டிக் கழித்துக்கொள்வார்கள். மேசைக்கே சுவாரஸ்யம் வரும்.

ஒலியையும் பயன்படுத்துங்கள். கரகரத்த குர்ர் என்றால் இன்பம், சீறினால் விரும்பாத திடுக்கிடல், பறவை மாதிரிக் கீச்சிட்டால் ஏதோ வேண்டும், உறுமினால் கோபம்.

அதன் கண்வழியே நேரில் பார்க்கிறேன் என்று மந்திரவாதி சொன்னால் தடுக்க வேண்டாம். அதற்கு அவர் 100 அடிக்குள் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆக்‌ஷன் செலவழிக்க வேண்டும், அந்த நேரம் அவருடைய சொந்தக் கண்ணும் காதும் இயங்காது. அந்த விலையைக் கறாராக வசூலியுங்கள்.

கேள்வி: மேசைக்கு ஒரு சின்ன உருவம் நானே செய்ய வேண்டும். எந்த அளவில்?

பலரும் இரண்டு சென்டிமீட்டரில் செய்துவிடுகிறார்கள். ஒரு அங்குலக் கட்டம் 5 அடி என்றால் அது கிட்டத்தட்ட நான்கு அடி ஆகும், பூனைக்குப் பதில் நாய் அளவு. கணக்குப்படி உடல் 7, 8 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று 10 வரை போகலாம். டைனி (மிகச் சிறிய) அளவு உயிரினம் ஒரு கட்டத்தில் கால் பங்கைத்தான் பிடிக்கும், எனவே அடித்தட்டு அரை அங்குல விட்டம்.

மெல்லிய செப்புக் கம்பி 3 சென்டிமீட்டர் வெட்டி, கழுத்திலிருந்து வால் நுனிவரை ஒரே கம்பியாக வளையுங்கள். வாலைத் தனியாக ஒட்டினால் முதல் ஆட்டத்திலேயே உடையும். எம்-சீல் இரண்டு பாகத்தையும் சம அளவில், நிறம் ஒரே சீராகும்வரை பிசையுங்கள்; கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுக்கும். விரலை ஈரமாக்கிக்கொண்டு மெல்லிய படலமாகப் பூசி இறுக விட்டு, மேலே அடுத்த படலம். சிறகுக்கு மெல்லிய காகிதத்தை வெட்டி ஒட்டி, அதன் மேல் ஒரு சொட்டு ஃபெவிக்விக் ஊறவிட்டால் விறைத்துக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; பஞ்சால் மட்டும் துடைக்காதீர்கள், அந்தப் பசையோடு பஞ்சு சேர்ந்தால் சுட்டுவிடும். வண்ணத்துக்கு முதலில் செம்பழுப்பு, காய்ந்ததும் நீர்க்கக் கரைத்த அடர்பழுப்பு, கடைசியில் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் வெளிர் ஆரஞ்சு. செதில் தானாகத் தெரியும்.

கேள்வி: புத்தகம் வாங்காமல் இந்த விவரங்களைச் சட்டப்படி பார்க்க முடியுமா?

முடியும். எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. சூடோடிராகன் அதில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் டி.எம். "அது உன்னை விட்டுப் போய்விட்டது" என்று சொல்லிவிட்டார். இது நியாயமா?

மந்திரத்தால் அழைத்தது என்றால் நியாயமில்லை. அது சொன்னபடி கேட்கும். ஹிட் பாயிண்ட் பூஜ்யமானால் மறையும், 10 பொற்காசும் ஒரு மணி நேரமும் செலவழித்தால் திரும்ப வரும். மனமுவந்து பிணைந்தது என்றால் விதி டி.எம். பக்கம். எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் அது விலகலாம். நியூட்ரல் குட், அதாவது நல்ல குணமுள்ள உயிரினம் அது; கைதியை வதைத்தாலோ, பூட்டிய அறைக்குள் உணவின்றி விட்டாலோ இருக்காது. ஆனால் முன்னறிவிப்பில்லாமல் பறித்துக்கொள்வது மோசமான டி.எம். வேலை. முதலில் தோளில் உட்கார மறுக்கட்டும், பிறகு உறுமட்டும், ஓர் இரவு 100 அடிக்கு அப்பால் போய்த் தூங்கட்டும். இந்த மூன்றும் ஆட்டக்காரருக்குத் தெரியும்படி நடந்த பிறகும் அவர் மாறவில்லை என்றால் போகலாம். உங்களுக்கு இவை எதுவும் நடக்கவில்லை என்றால், அடுத்த ஆட்டத்துக்கு முன் டி.எம்.மிடம் பேசி, அதைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க ஒரு வாய்ப்பாவது கேளுங்கள்.