நபியை இழிவாகப் பேசினால் ஒரு முஸ்லிம் என்ன செய்ய வேண்டும்?

"இஸ்லாத்தையும் நபிகள் நாயகத்தையும் யாராவது கேவலமாகப் பேசும்போது முஸ்லிம்கள் எப்படி நடந்துகொண்டால் அது விவேகமாக இருக்கும்?" என்பது கேள்வி. கேட்டவர் முஸ்லிமா இல்லையா என்று தெரியவில்லை. இரண்டு தரப்பும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

வலிக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்ற தாய் தகப்பனைவிட மேலாக நேசிக்கும் ஒருவரைப் பற்றி அசிங்கமாகப் பேசினால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். குர்ஆன் அந்த வலியை மறைக்கவில்லை. "அவர்கள் பேசுவதால் உமது நெஞ்சம் நெருக்கடிக்கு உள்ளாவதை நாம் அறிவோம்" என்று நபியிடமே அல்லாஹ் சொல்கிறான் (குர்ஆன் 15-ஆம் அத்தியாயம், 97-ஆம் வசனம்; 15:97). அதற்கு மருந்தாக அடுத்த வசனம் சொல்வது இரண்டு விஷயம்: உம் இறைவனைப் புகழ்ந்து துதி செய்வீராக, ஸஜ்தா (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குதல்) செய்பவர்களில் ஒருவராக ஆவீராக. ஆகவே "கோபப்படாதே, அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று நம் பிள்ளைகளிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோபம் வரட்டும். அந்தக் கோபம் கையிலும் வாயிலும் என்னவாக வெளிப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2012 செப்டம்பர் நினைவிருக்கும். கலிஃபோர்னியாவில் ஒருவர் நபியவர்களை இழிவுபடுத்தி ஒரு மட்டமான படம் எடுத்தார். அதன் 14 நிமிடத் துண்டு ஜூலை மாதமே யூடியூபில் ஏற்றப்பட்டது. சீந்துவார் இல்லை. செப்டம்பரில் அதற்கு அரபி டப்பிங் வந்தது, எகிப்தில் ஒரு டிவி சேனல் ஒளிபரப்பியது, அப்புறம் உலகமே பற்றி எரிந்தது. சென்னையிலும் அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னால் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, கல்வீச்சும் நடந்தது. நான் அன்று பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "என்ன தம்பி பிரச்சினை? எதுக்கு மறியல்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படி ஒரு படம் வந்திருக்கா?" என்றார். அந்தப் படம் இருப்பதே அவருக்கு எங்கள் ஆட்கள் மூலம்தான் தெரிய வந்தது.

பாகிஸ்தானில் நிலைமை இன்னும் மோசம். செப்டம்பர் 21-ஐ நபியை நேசிக்கும் நாள் என்று அரசாங்கமே அறிவித்தது. அன்று நடந்த வன்முறையில் சுமார் 20 பேர் செத்தார்கள். படம் எடுத்தவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, செத்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். அதோடு அந்த நாட்டில் யூடியூபைத் தடை செய்து, 2016 ஜனவரியில்தான் திறந்தார்கள். மூன்று வருடத்துக்கும் மேலாக அதில் பாடம் படிக்க முடியாமல் போனது அங்கிருந்த முஸ்லிம் மாணவர்களுக்குத்தான். அவமதிக்க நினைத்தவனுக்கு இதைவிடப் பெரிய வெற்றியை யார் கொடுத்திருக்க முடியும்?

சரி, நபியவர்கள் தம்மை ஏசியவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள்? எல்லாரும் தாயிஃப் ஊரில் கல்லடி பட்டும் அவர்கள் பழிவாங்காத சம்பவத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட நெருக்கமானது சுஹைல் இப்னு அம்ரின் கதை. மக்காவின் பெரிய பேச்சாளர் அவர். அந்தப் பேச்சுத் திறமை முழுவதையும் நபிக்கு எதிராகவே செலவழித்தார். பத்ருப் போரில் (கி.பி. 624) கைதியாகப் பிடிபட்டார். நபித் தோழர் உமர் (ரலி) நபியிடம் வந்து, "இவனுடைய முன்பற்களைப் பிடுங்கிவிடுகிறேன், இனி எங்கும் உங்களுக்கு எதிராக நின்று பேச முடியாது" என்று அனுமதி கேட்டார்கள். நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். யாரையும் அங்கஹீனம் செய்ய மாட்டேன், செய்தால் நான் நபியாக இருந்தாலும் அல்லாஹ் எனக்கும் அதைச் செய்வான் என்றார்கள். ஒரு நாள் இவர் நீங்கள் குறை சொல்ல முடியாத இடத்தில் நின்று பேசவும் கூடும் என்றும் சொன்னதாக சீரா (நபியின் வாழ்க்கை வரலாறு) நூல்களில் வருகிறது.

நான்கு வருடம் கழித்து ஹுதைபிய்யா என்ற இடத்தில் சமாதான ஒப்பந்தம் எழுதும்போது மக்காவின் குறைஷிக் குலத்தார் சார்பில் வந்ததும் இதே சுஹைல்தான். "முஹம்மத், அல்லாஹ்வின் தூதர்" என்று எழுதியதும் எதிர்ப்புத் தெரிவித்தார். "நீர் தூதர் என்று நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் உம்மோடு சண்டை எதற்கு? உம் பெயரையும் உம் தகப்பன் பெயரையும் எழுதும்" என்றார். சுற்றி நின்ற ஸஹாபாக்களுக்கு (நபித் தோழர்களுக்கு) ரத்தம் கொதித்தது. அந்த வரியை அழிக்க, ஒப்பந்தத்தை எழுதிய அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபியவர்கள் தம் கையாலேயே அதை அழித்தார்கள். அன்று அங்கே இருந்தவர்களுக்குத் தோல்வி போலத் தெரிந்த அந்த ஒப்பந்தம், இரண்டே வருடத்தில் மக்காவின் கதவைத் திறந்தது. சுஹைலும் இஸ்லாத்துக்கு வந்தார். 632-ல் நபியவர்கள் காலமானபோது மக்காவில் பலர் தடுமாறினார்கள். அப்போது எழுந்து நின்று பேசி, ஊரை ஈமானில் (இறைநம்பிக்கையில்) நிலைக்க வைத்தது அந்தப் பிடுங்கப்படாத பற்கள் உள்ள வாய்தான். இன்றைக்கு ஃபேஸ்புக்கில் நம்மைத் திட்டுகிற ஒருவனைப் பார்க்கும்போது எனக்கு சுஹைல் ஞாபகம் வருவார்.

நடைமுறைக்கு வருவோம். வருகிற எல்லாமே அவமதிப்பு கிடையாது. நபியின் மனைவி ஆயிஷா நாயகியின் வயது, பலதார மணம், அடிமை முறை, போர்கள் பற்றியெல்லாம் கேட்பவர்களில் பாதிப் பேராவது உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம். அவர்களிடம் சீறக் கூடாது. தெரிந்தால் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பிற மத சகோதரர்களை மண்டபத்துக்கு அழைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நடத்தும் கேள்வி பதில் நிகழ்ச்சிகள் எத்தனையோ நடந்திருக்கின்றன. காட்டமான கேள்விகள் வரும். யாரும் யாரையும் அடித்ததில்லை.

வேண்டுமென்றே சீண்டுபவன் வேறு. அவனுக்கு நம் பதில் தேவையில்லை, நம் கொதிப்புதான் தேவை. அந்த மாதிரி இடத்தில் என்ன செய்வது என்று குர்ஆன் தெளிவாகவே சொல்கிறது: அல்லாஹ்வின் வசனங்கள் கேலி செய்யப்படுவதைக் கேட்டால், அவர்கள் வேறு பேச்சுக்குப் போகும்வரை அவர்களோடு உட்காராதீர்கள் (4:140). எழுந்து போய்விடு, பேச்சு மாறினால் திரும்பி வரலாம். இவ்வளவுதான். இன்றைய காலத்தில் எழுந்து போவது என்றால் பிளாக் செய்வது, ரிப்போர்ட் அடிப்பது, "இந்தக் காஃபிர் என்ன சொல்கிறான் பாருங்கள்" என்று பத்து குரூப்புக்கு ஃபார்வர்டு செய்யாமல் இருப்பது.

இன்னொரு வசனத்தை நாமே வசதியாக மறந்துவிடுகிறோம். அல்லாஹ் அல்லாமல் அவர்கள் வணங்குபவற்றை ஏசாதீர்கள், அவர்கள் அறியாமையால் வரம்பு மீறி அல்லாஹ்வை ஏசுவார்கள் (6:108). நம் குடும்ப குரூப்களிலும் பிற மதக் கடவுள்களைக் கிண்டல் செய்யும் மீம்கள் வரத்தான் செய்கின்றன. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நம்மை யாராவது கிண்டல் செய்யும்போது துடிப்பதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பேச்சு, ஆட்களை அடிக்கச் சொல்வது, கடையைப் புறக்கணிக்கச் சொல்வது, பள்ளிவாசலை இடிக்கச் சொல்வது என்று போனால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. சட்டம் இருக்கிறது. மத உணர்வைக் கெட்ட எண்ணத்தோடு வேண்டுமென்றே புண்படுத்துவதற்கு எதிரான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு 1927-ல் வந்ததற்கே காரணம், லாகூரில் நபியவர்களை இழிவுபடுத்தி வெளியான ஒரு சிறுநூல்தான். அதைப் பதிப்பித்தவரை நீதிமன்றம் விடுவித்தது. அப்போதிருந்த சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதால் புதுப் பிரிவு சேர்த்தார்கள். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஜமாஅத் நிர்வாகிகளோடும் ஒரு வக்கீலோடும் போய்ப் புகார் கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு கமெண்டுக்கும் ஸ்டேஷன் படி ஏறுவது அதை எழுதியவனைப் பெரிய ஆளாக்கும்.

2020-ல் கொரோனாவையே முஸ்லிம்கள் தலையில் கட்டினார்கள். காய்கறி விற்கும் பாயைக்கூடத் தெருவுக்குள் விடாத இடங்கள் இருந்தன. அதே காலத்தில் சொந்தக்காரர்களே தொடப் பயந்த சடலங்களைத் தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் மதம் பார்க்காமல் அடக்கம் செய்தார்கள். டெல்லியில் கொரோனாவிலிருந்து குணமான தப்லீக் ஜமாஅத் என்ற மார்க்கப் பிரச்சார இயக்கத்தினர் பிளாஸ்மா கொடுத்தார்கள். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டுத் தப்லீக்காரர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே எழுதியது. வழக்கையும் விடவில்லை, மனிதாபிமானத்தையும் விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்த காலம் அது.

வெட்கப்பட்ட நாட்களும் உண்டு. 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் மறுப்பாளரான ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். பிள்ளைகள் உள்ளவர். அவருடைய வாப்பா, மகன் இருந்த அமைப்பில் தானும் சேரப்போவதாகச் சொன்னார். 2021 டிசம்பரில் பாகிஸ்தானின் சியால்கோட்டில், இலங்கையிலிருந்து போய்த் தொழிற்சாலை மேலாளராக இருந்தவரை ஒரு கும்பல் அடித்தே கொன்று எரித்தது. மத வாசகம் இருந்த போஸ்டரைக் கிழித்தார் என்பது குற்றச்சாட்டு. அவரைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்த சக ஊழியரும் முஸ்லிம்தான், அவருக்கு அரசு வீரப் பதக்கம் கொடுத்தது. எந்தக் கார்ட்டூனும் செய்ய முடியாத அவமதிப்பை நபியவர்களுக்கு இந்தக் கொலைகாரர்கள் செய்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே குரூப் அட்மின்களாக இருக்கும் நம் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இவனைச் சும்மா விடக்கூடாது" என்று ஒரு பையன் எழுதினால், லைக் போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். அன்று இரவே அவனுக்குப் போன் செய்து பேசுங்கள். அவன் அத்தாவிடமும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் (இமாமிடமும்) சொல்லுங்கள். அதற்கும் அடங்காமல் ஆள் தேட ஆரம்பித்தால் போலீஸுக்குச் சொல்லத் தயங்காதீர்கள், அவன் உங்கள் சொந்தக்காரப் பையனாக இருந்தாலும் சரி.