மருந்துக்கு அடங்காத கிருமியும் நம் செல்லும்: கேள்வி பதில்

மனித செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் பாக்டீரியாவை விட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எனக்கு எழுதிக்கொடுத்த மருந்து சரியா?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

உயிரியல் மாணவி: வந்திருப்பது சாதாரண பாக்டீரியாவா, மருந்தை எதிர்க்கும் ரகமா என்று நம் செல்லுக்குத் தெரியுமா சார்?

தெரியாதம்மா. செல் பார்ப்பது பாக்டீரியாவின் மேலுறையை. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா மாதிரியானவற்றின் லிப்போபுரதத்தை (கொழுப்பு ஒட்டிய புரதம்) டி.எல்.ஆர்-2 என்ற ஏற்பி, அதாவது செல்லின் உணர்கருவி, பிடிக்கும். ஈ.கோலை வகையறாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எல்.பி.எஸ் என்ற கொழுப்பு-சர்க்கரை மூலக்கூறை டி.எல்.ஆர்-4 பிடிக்கும். இந்த இரண்டாவதை 1998இல் கண்டுபிடித்த புரூஸ் பியூட்லருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்போது எம்.ஆர்.எஸ்.ஏவை எடுத்துக்கொள். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959இல் வந்தது, அதற்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ், அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ, 1961இலேயே பிரிட்டனில் தென்பட்டுவிட்டது. அதனிடம் கூடுதலாக இருப்பது மெக்ஏ என்ற மரபணு. செல்சுவர் கட்டும் கொத்தனாரின் கையை மருந்து கட்டிப்போடுகிறது என்றால், மெக்ஏ மருந்தால் பிடிக்க முடியாத இன்னொரு கொத்தனாரைக் கொண்டுவருகிறது. கட்டி முடித்த சுவர் ஏறக்குறைய அதே சுவர்தான். வெளியே நின்று பார்க்கும் செல்லுக்கு ஆள் மாறியது எப்படித் தெரியும்?

இன்னொருவர்: அப்படியானால் இந்தத் தொற்று ஏன் இவ்வளவு பயங்கரம்? கிருமிக்கு வீரியம் கூடிவிடுகிறதா?

பலரும் போடும் முடிச்சு இது. மருந்தை எதிர்ப்பது வேறு, உடம்பை எதிர்ப்பது வேறு. மருந்தை எதிர்க்கும் திறனைச் சுமக்க பாக்டீரியா விலை கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் சில ரகங்கள் மெதுவாகவே வளரும். சிக்கல் வீணாகும் நேரத்தில்தான் இருக்கிறது. வேலை செய்யாத மருந்தில் இரண்டு மூன்று நாள் போய்விட்டால் அத்தனை நேரமும் நம் செல்கள் தனியாக நின்று போராட வேண்டும், எதிரே கூட்டம் பெருகிக்கொண்டே போகும். 2019இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர், எதிர்ப்பு இல்லாத கிருமியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு.

நர்சிங் படிப்பவர்: செல்லுக்குள் அப்போது என்னதான் நடக்கிறது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஏற்பியில் பாக்டீரியாவின் துண்டு ஒட்டியதும், சைட்டோபிளாசத்தில் கட்டிப்போட்டிருந்த என்.எஃப்-கப்பா-பி என்ற புரதம் அவிழ்ந்து உட்கருவுக்குள் போகும். அரை மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கே போய் அபாயக் கால மரபணுக்களைத் தட்டி எழுப்பும். ஐ.எல்-8 என்ற சமிக்ஞைப் புரதம் வெளியேறி ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை அழைக்கும், ஐ.எல்-6 என்ற இன்னொன்று காய்ச்சலுக்கு வழிசெய்யும்.

ஸ்டெஃபிலோகாக்கஸும் சும்மா இராது. ஆல்ஃபா நச்சு என்று ஒன்றைக் கக்கும். அதன் ஏழு மூலக்கூறுகள் செல்சவ்வில் வட்டமாக உட்கார்ந்து ஒரு ஓட்டை போடும். ஓட்டை வழியாக பொட்டாசியம் வெளியே கசியும். அந்தக் கசிவையே செல் அபாயச் சங்காக எடுத்துக்கொள்கிறது. என்.எல்.ஆர்.பி-3 என்ற புரதக் கூட்டு சேர்ந்து, காஸ்பேஸ்-1 என்ற நொதி விழித்து, காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டு செல்லின் சவ்வில் உள்ளேயிருந்தே இன்னும் ஓட்டைகள் போடும். செல் உப்பி வெடித்துவிடும், ஆனால் ஐ.எல்-1-பீட்டா என்ற அபாயச் சமிக்ஞையை ஊருக்கெல்லாம் கொட்டிவிட்டுத்தான் போகும்.

இதைப் பார்க்க தட்டில் ஒரு சிவப்புச் சாயம் சேர்ப்போம். சவ்வு முழுதாக இருக்கும்வரை அது உள்ளே போகாது. இருட்டறையில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மூலையில் ஒரு உட்கரு சிவப்பாக எரியும். பிறகு பக்கத்தில் இன்னொன்று. பார்க்க அழகாகத்தான் இருக்கும், சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

பி.வி.எல் என்ற இன்னொரு நச்சு நியூட்ரோஃபில்களையே குறிவைக்கும். மனித செல்லை அடித்துப்போடும் அது சுண்டெலி செல்லை அசைப்பதில்லை, பிடித்துக்கொள்ள வேண்டிய ஏற்பி அங்கே ஒத்துவருவதில்லை. சுண்டெலியை மட்டும் நம்பி முடிவெடுத்த பல கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

ஒரு குடும்பத்தலைவி: எனக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. பல மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்கிறார்கள். சிறுநீர்ப்பைச் செல்கள் எதுவும் செய்யாதா?

செய்யும் மேடம், அதுவும் துணிச்சலாக. சிறுநீர்ப்பையின் உள்பக்கத்தைக் குடை விரித்ததுபோல் பெரிய செல்கள் மூடியிருக்கும், பெயரே குடைச்செல்தான். ஈ.கோலை தன் மயிரிழை நுனியில் இருக்கும் ஃபிம்-ஹெச் என்ற கொக்கியால் அதைப் பிடித்து உள்ளே நுழையும். உடனே செல் தன்னையே சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் கிருமியோடு சிறுநீரில் வெளியேறும். ஆனால் மேல்படை உதிர்ந்ததும் அடியில் இருக்கும் இளம் செல்கள் திறந்துபோகும். சில பாக்டீரியா அங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதைச் சுண்டெலியில் பார்த்திருக்கிறார்கள். (ஆம், இப்போதுதான் சுண்டெலியைக் குறை சொன்னேன். ஆனால் கிருமி கூட்டமாக உள்ளே குடியிருந்த உதிர்ந்த செல்கள் மனிதச் சிறுநீரிலும் கிடைத்திருக்கின்றன.)

மருந்தாளுநர்: எல்லா எதிர்ப்பும் செல்லுக்கு ஒன்றுதானா? கொலிஸ்டின் விஷயம் அப்படி இல்லையே?

மாட்டிக்கொண்டேன். முதல் இரண்டு பதில்களில் அடித்துப் பேசியதற்குத் திருத்தம் இது. கொலிஸ்டின் நேர்மின்னூட்டம் உள்ள மருந்து, எதிர்மின்னூட்டம் உள்ள பாக்டீரியா சவ்வில் போய் ஒட்டும். நம் செல்கள் தயாரிக்கும் எல்.எல்-37 போன்ற கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளும் அதே மின்னூட்டத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. கொலிஸ்டினிடமிருந்து தப்ப பாக்டீரியா தன் எல்.பி.எஸ்ஸின் அடிப்பகுதியான லிப்பிட்-ஏயின் மின்னூட்டத்தைக் குறைத்துக்கொண்டால் நம் ஆயுதமும் மழுங்கலாம். அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் ரகங்கள் சிலவற்றில் இது தெளிவாகவே தெரிந்தது. டாப்டோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் சிலவற்றிலும் இதே கதை. இங்கே மருந்தை எதிர்ப்பதும் உடம்பை எதிர்ப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. எனக்குத் தூக்கம் கெடுப்பது இந்த வகைதான்.

ஒருவர்: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொண்டால் போதாதா?

செப்சிஸில், அதாவது தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் நிலையில், உறுப்புகள் செயலிழப்பது பெரும்பாலும் நம் எதிர்வினையே தறிகெட்டுப் போவதால்தான். 2016இல் வந்த வரையறையே அப்படித்தான் சொல்கிறது. கண்மூடித்தனமாகக் கூட்டுவது உதவாது.

கடைசியாக ஒருவர்: இவ்வளவு வலுவான மருந்துகள் நம் செல்லையும் தாக்காதா?

சில தாக்கும். லைனசோலிட் என்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் ரைபோசோமை, அதாவது புரதம் கட்டும் இயந்திரத்தை, நிறுத்துகிறது. நச்சுகளும் புரதம்தானே, அதனால் அவற்றின் உற்பத்தியும் குறையும். எம்.ஆர்.எஸ்.ஏவில் அது பெரிய லாபம். ஆனால் நம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வம்சமே பாக்டீரியாதான், அதன் ரைபோசோமும் அந்தச் சாயலில் இருக்கும், அதையும் கொஞ்சம் பிடித்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்தால் பிளேட்லெட் குறையும் வாய்ப்பு கூடுகிறது. வாரம் ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்களே என்று சலித்துக்கொள்பவர்களுக்குக் காரணம் இதுதான்.