தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சொட்டு மருந்து எதற்கு? குழந்தை மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி (திருச்சி அம்மா): தாய்ப்பாலே போதும் என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது வைட்டமின் டி டிராப்ஸும் எழுதிக் கொடுத்தார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்புங்கள். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் வைட்டமின் டி பெரும்பாலும் 50 யூனிட்டைத் தாண்டுவதில்லை. குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400. அதற்காகப் பாலைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சத்தை வெயிலில் தோல்தான் தயாரிக்க வேண்டும், நாமோ தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் கொடுங்கள்.

ஆனால் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். ஒரு எம்எல்லில் 400 யூனிட் உள்ளதும் விற்கிறது, 800 உள்ளதும் விற்கிறது. முதலாவதில் ஒரு எம்எல், அடுத்ததில் அரை எம்எல். கடையில் பிராண்டை மாற்றிக் கொடுத்தால் அளவும் மாறலாம்.

கேள்வி (மதுரைப் பாட்டி): நான் நாலு பிள்ளை பெத்தவ. இளவெயில்ல காட்டித்தான் வளர்த்தேன். ஒரு சொட்டு மருந்து குடுத்ததில்ல.

பதில்: அம்மா, உங்கள் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலை ஏழு மணி வெயில் சாய்ந்து வருகிறது. வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிரில் பெரும்பகுதி வழியிலேயே காற்று மண்டலத்தில் நின்றுவிடும். வெளிச்சம் வரும், சத்து வராது. நம் கறுப்புத் தோலுக்கு வெயிலில் இன்னும் அதிக நேரம் வேண்டும்.

கேள்வி (அதே பாட்டி): அப்ப டி சத்து கொறைஞ்சு எம்பிள்ளைங்க கால் வளையலையே?

பதில்: உங்கள் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் நாள் முழுக்கத் தெருவில் ஓடியிருப்பார்கள். நீங்களும் வயலிலோ வாசலிலோ வெயிலில் நின்றிருப்பீர்கள். வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குக் கொஞ்சம் சேமிப்பு போயிருக்கும். உங்கள் பேத்தி எந்த வெயிலில் நிற்கிறாள்?

கேள்வி (கோவை அப்பா): அப்படியானால் நண்பகல் வெயிலில் காட்டலாமா?

பதில்: ஆறு மாதத்துக்குள் வேண்டாம். தோல் வெந்துவிடும்.

கேள்வி (சென்னை அம்மா): ஃபிளாட்டில் கண்ணாடி ஜன்னல் வழியாக நல்ல வெயில் வருகிறதே?

பதில்: அந்தப் புற ஊதா பி கதிர் கண்ணாடியைத் தாண்டாது. வெயில் பற்றிய கேள்வி இதோடு போதும்.

கேள்வி (கும்பகோணம் அம்மா): நான் சுத்த சைவம், பாலும் பிடிக்காது. என் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஏதாவது குறையுமா?

பதில்: இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். உங்கள் விஷயத்தில் கவலை வைட்டமின் பி12. அது இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. கீரையில் கிடையாது, எத்தனை கட்டு தின்றாலும். தாயிடம் இல்லையென்றால் பாலிலும் இருக்காது. நான்கைந்து மாதம் நன்றாகச் சிரித்த குழந்தை மெல்லச் சிரிப்பை மறக்கும், நின்ற கழுத்து தொய்யும், உடம்பு வெளுக்கும், விரல் முட்டிகள் கறுக்கும், முடி மெலியும். சில குழந்தைகளுக்குக் கைகால் நடுக்கமும் வரும். ‘குண்டாத்தானே இருக்கு’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தாமதமானால் மூளை வளர்ச்சி முழுதாகத் திரும்பாமல் போகலாம். இந்த வாரமே ரத்தத்தில் பி12 பார்த்துவிட்டு மாத்திரை தொடங்குங்கள். குழந்தையையும் காட்டுங்கள்.

கேள்வி (சேலம் அப்பா): பிறந்தவுடன் தொடையில் போட்ட ஊசியும் வைட்டமினா?

பதில்: ஆம், வைட்டமின் கே, 1 மில்லிகிராம். அதுவும் தாய்ப்பாலில் மிகக் குறைவு. போடாவிட்டால் முதல் மூன்று மாதத்துக்குள் சில குழந்தைகளுக்கு மூளையில் ரத்தக் கசிவு வரும். அதை மட்டும் மறுக்காதீர்கள்.

கேள்வி (வேலூர் அம்மா): இரும்புச் சத்து?

பதில்: நிறைமாதக் குழந்தை என்றால் ஆறு மாதத்திலிருந்து. கிராம சுகாதார செவிலியரிடம் சிரப் கேளுங்கள், வாரம் இரண்டு முறை ஒரு எம்எல். குறைமாதம் என்றால் முன்பே வேண்டும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் அம்மா): உரை மருந்தில் தேன் குழைத்துக் கொடுத்தால் சத்து சேருமா?

பதில்: ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

கேள்வி (ஈரோடு அம்மா): டி டிராப்ஸ் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்: முதல் பதில். பாட்டிலைப் படியுங்கள்!

கேள்வி (நாகர்கோவில் அம்மா): எனக்கு வாரம் ஒன்று என 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் எழுதியிருக்கிறார்கள். அதிலேயே பாப்பாவுக்கும் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கிறேன். தப்பில்லையே?

பதில்: நிறுத்துங்கள். ஒரு பாக்கெட்டில் இருப்பது குழந்தைக்கு 150 நாள் மருந்து. எத்தனை தடவை கொடுத்தீர்கள், எவ்வளவு? வாந்தி, மலச்சிக்கல், பால் குடிக்காமல் சோர்வு ஏதாவது இருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போதே பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள், ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இவர் பதில் சொல்லட்டும்.