அப்பாவின் வெள்ளி ரூபாய்களும் அடகில் கிடக்கும் பதினான்கு பவுனும்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் கூட்டுறவுத் துறையில் வேலை பார்க்கிறேன், வயது 53. அப்பா விட்டுப்போன 160 வெள்ளி ரூபாய்கள் (விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ்) என்னிடம் உள்ளன. எட்டு ஆண்டுகளாக மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கி நாணயங்கள் வாங்குகிறேன். போதாத மாதங்களில் கடனிலிருந்தும் எடுப்பேன். அரசு வெளியிடும் நினைவு நாணயங்கள் மட்டும் 58, அவற்றுக்கு 2,60,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. சோழர் காலச் செப்புக் காசுகளும் கொஞ்சம் உண்டு. மனைவியின் 14 பவுன் நகை அடகில் இருக்கிறது. 2019-இல் ஒன்றரை லட்சமாக இருந்த கடன் இப்போது 4,20,000 ரூபாய், வட்டி 10 சதவீதம். ஆண்டுதோறும் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறேன். நாணயங்களை விற்கச் சொல்கிறார் மனைவி. விற்ற பணத்தை வெள்ளி இ.டி.எஃப்-இல் (வெள்ளி விலையோடு ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கும் நிதியில்) போடச் சொல்கிறான் அக்கா மகன். மகனுக்கு நாணயங்களில் ஆர்வமே இல்லை. எனக்கு மனம் வரவில்லை. விற்கலாமா, வைத்திருக்கலாமா? விற்பதென்றால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாகக் கொடுக்கலாமா?

பதில்: கடிதத்தில் நான்கு பக்கம் நாணயங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அடகுக்குக் கிடைத்தது ஐந்து வரி. எனக்கு அந்த ஐந்து வரிதான் கவலை.

ஒன்றரை லட்சம் எப்படி 4,20,000 ஆனது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிப்பது கடினமில்லை. ஒவ்வோர் ஆண்டும் திருப்பி வைக்கப் போகும்போது பவுன் விலை ஏறியிருக்கும். அதே சங்கிலிக்கும் அதே வளையலுக்கும் கூடுதலாக ஐம்பதாயிரம் தருவதாகச் சொல்வார்கள். நீங்களும் வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். பவுன் விலை ஏறிய லாபம் உங்கள் மனைவிக்குச் சேர வேண்டியது. அதைக் கடனாக உருவி நினைவு நாணயமாக்கி அலமாரியில் வைத்துவிட்டீர்கள். இப்போது ஆண்டுக்கு 42,000 ரூபாய், அதாவது மாதம் 3,500 ரூபாய், வட்டிக்கே போகிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. உங்கள் சேகரிப்புக்கு மாதம் 3,500 ரூபாய் வாடகை கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேகரிப்பவர்கள் ஏன் விற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் கை பட்ட காசு என்பது ஒரு காரணம், அதை நான் மதிக்கிறேன். இன்னொன்றை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். விற்கப் போனால் உண்மையான விலை தெரிந்துவிடும். விலைப்பட்டியலில் இருக்கும் தொகையையும் வியாபாரி கையில் வைக்கும் தொகையையும் ஒப்பிட வேண்டிய அந்த நாளைத் தள்ளிப்போடத்தான் பலரும் வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை இங்கேயே முடித்துவிடுவோம்.

வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறுகிறது. கணக்குக்காகக் கிராம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் படிக்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் நினைவு நாணயங்கள். பெரும்பாலானவை 35 கிராம் எடை, அதில் பாதிதான் வெள்ளி, மிச்சம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயம்போல 80 சதவீத வெள்ளி கொண்டவை ஒன்றிரண்டு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவற்றில் 17.5 கிராம் வெள்ளி, மதிப்பு 2,600 ரூபாய்ச் சொச்சம். நீங்கள் கொடுத்த சராசரி விலை ஏறத்தாழ 4,500. அழகான பெட்டியோடு வரும் இந்த நாணயங்களை முதலீடு என்று சொல்லி விற்பவர்கள்மேல் எனக்குப் பொறுமை இல்லை. சேகரிப்பவர்களுக்கென்றே அடித்து, சேகரிப்பவர்களே வாங்கி, எல்லோரும் பெட்டி பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு பொருள் எப்படி அரிதாகும்? ஒன்றுக்கு 3,000 ரூபாய் கிடைத்தாலே நல்ல விலை. 58-க்கு 1,74,000 ரூபாய். நட்டம் 86,000.

அப்பாவின் ரூபாய்கள் வேறு சாதி. ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள், 1947-இல் வெறும் நிக்கல். உங்களிடம் இருப்பவை அதற்கு முந்தையவை என்பது நல்ல சேதி. ஆனால் பழமையும் விலையும் ஒன்றாகப் போவதில்லை. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டு பழையது, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, அவ்வளவு ஏராளமாக அடித்திருக்கிறார்கள். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயும் அப்படித்தான். 1874 வரும்வரை ஆண்டை மாற்றாமல் அதே 1862-ஐப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். அலைபேசியில் வரும் லட்சக் கணக்குகளை நம்பி அதைப் பூட்டி வைக்காதீர்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருக்கிறதா என்று பாருங்கள். அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, நாணயத்தைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 'பன்றி ரூபாய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது, சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். அதுபோன்றது அகப்பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வளையம் பற்றவைத்த காசுகள் இருந்தால் அவை எடைக்குத்தான் போகும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இந்த 160-ஐயும் ஆண்டு, நாணயச்சாலை (அடித்த இடம்) வாரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்புங்கள். ஒரே ஆண்டு, ஒரே சாலை என்று திரும்பத் திரும்ப வருபவை நூறாவது தேறும் என்று நினைக்கிறேன். அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் கூசாமல் விற்பது இந்த இரட்டைகளைத்தான். விற்ற பிறகும் அவர்கள் சேகரிப்பில் ஓர் ஆண்டுகூடக் குறையாது. ஒவ்வொன்றிலும் நன்றாக இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நூறில் 1,069 கிராம் வெள்ளி, 1,60,000 ரூபாய். வியாபாரி தன் பங்கைக் கழித்து ஒன்றரை லட்சம் தருவார். மூன்று கடையில் விலை கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நினைவு நாணயங்களையும் இந்த நூறு வெள்ளி ரூபாய்களையும் ஒரே நிதியாண்டில் விற்றுவிடுங்கள், இதற்குக் காரணம் வரி. வீட்டுப் பூஜையில் வைக்கும் வெள்ளி ரூபாய்கூடச் சொந்தப் பயன்பாட்டுப் பொருள் ஆகாது என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். அப்பாவின் காசுகளுக்கு 1-4-2001 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், ஆனால் அன்றைக்கு வெள்ளி கிராம் ஏழெட்டு ரூபாய்தான். ஆதாயம் 1,42,000 ரூபாய் வரும். நினைவு நாணயங்களின் 86,000 நட்டத்தை அதில் கழித்தால் மிஞ்சுவது 56,000, வரி ஏறத்தாழ 7,000. நட்டத்தைக் காட்ட வாங்கிய ரசீதுகள் வேண்டும். தொலைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஆக, கைக்கு வருவது 3,24,000. வரி போக 3,17,000. அன்றைக்கே அடகுக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள், ஒரு வாரம்கூட உங்கள் கணக்கில் தங்கவிட வேண்டாம். மிச்சக் கடன் 1,03,000. இப்போது வட்டிக்குப் போகும் 3,500-ஐயும் நாணயத்துக்கு ஒதுக்கும் 5,000-ஐயும் சேர்த்து மாதம் 8,500 கட்டினால் பதின்மூன்று மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அதுவரை ஒரு நாணயம்கூட வாங்கக் கூடாது. அடகுக்காரர் இன்னும் கொஞ்சம் தருகிறேன் என்றால், மனைவியை உடன் அழைத்துப் போய், அவரையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

அக்கா மகனுக்கு ஒரு வரி. பத்து சதவீத வட்டிக்குக் கடன் நிற்கும்போது வெள்ளி இ.டி.எஃப் வாங்கினால், கடன் வாங்கி வெள்ளியில் பந்தயம் கட்டியதாகத்தான் கணக்கு. ஏறினால் அவன் புத்திசாலி, இறங்கினால் வட்டி உங்களுடையது.

வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருகிறேன், பதிவுக் கட்டணம் முதலில் அனுப்பு என்று யாராவது கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். தன் பெயரில் நடக்கும் இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. நூறு ஆண்டு தாண்டிய நாணயங்களை வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் விற்கவும் நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அவற்றை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது.

மீதி அறுபது ரூபாயும் சோழர் காசுகளும் உங்களிடமே இருக்கட்டும். அவற்றை விற்கச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனால் ஒரு நோட்டில் ஒவ்வொன்றின் ஆண்டு, சாலை, எங்கே கிடைத்தது, இன்று என்ன பெறும் என்று எழுதி வையுங்கள். ஆர்வமில்லாத மகன் பிற்காலத்தில் அதை மொத்தமாகப் பழைய வெள்ளிக் கடையில் கொட்டாமல் இருக்க அந்த நோட்டு ஒன்றுதான் வழி.

புளி விஷயம்: கூடவே கூடாது. விபூதியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். காலத்தால் படிந்த கருமையை வாங்குபவர் விரும்பித்தான் பார்ப்பார். தேய்த்த காசின் மேல் விழும் கீறல்கள் பூதக்கண்ணாடியில் தெரிந்ததும் அது எடைத் தட்டுக்குப் போய்விடும். தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், ஓரத்தைப் பிடித்து எடுத்துக் காட்டுங்கள்.