மழைத் தண்ணீரை வேக்கம் கிளீனர் உறிஞ்சுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். போன ஐப்பசி மழையில் ஹாலுக்குள் இரண்டு அங்குலம் தண்ணீர் ஏறிவிட்டது. மழை விட்டுக் கரண்ட் வந்ததும் என் மகன் வீட்டிலிருந்த வேக்கம் கிளீனரை எடுத்து உறிஞ்சிப் பார்த்தான். கொஞ்ச நேரத்திலேயே புகை வந்து நின்றுவிட்டது. மோட்டார் மாற்ற 3,800 ரூபாய் ஆகும் என்கிறார் சர்வீஸ்காரர். கடையில் 2,000 வாட் ‘வெட் அண்ட் டிரை’ மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். இதற்கிடையே வீடு தேடி வந்த ஒருவர், தண்ணீர்த் தொட்டி வைத்த மெஷின் ஒன்றை 48,000 ரூபாய் என்று சொல்லி, தவணையில் தருகிறேன் என்று தினமும் போன் செய்கிறார். அடுத்த மழைக்குள் எதையாவது வாங்கிவிட வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் உங்கள் மகனைக் கோபிக்காதீர்கள். தண்ணீரை உறிஞ்சக் கூடாது என்ற எச்சரிக்கை பெரும்பாலும் யாரும் திறந்து பார்க்காத கையேட்டின் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. மெஷின் மேலேயே, சுவிட்சுக்குப் பக்கத்தில், தமிழில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டிய விஷயம் இது.

சாதாரண வேக்கம் கிளீனரில் உள்ளே இழுக்கப்படும் காற்று தூசிப்பையைக் கடந்து, விசிறியைக் கடந்து, மோட்டாரின் செம்புச் சுருள்கள் மேலேயே பாய்ந்துதான் வெளியே போகும். மோட்டார் சூடேறாமல் பார்த்துக்கொள்வதே அந்தக் காற்றுதான். காற்றோடு தண்ணீர் வந்தால் அதுவும் அதே வழியாகத்தான் போயாக வேண்டும். வெட் அண்ட் டிரை மெஷினில் இழுக்கிற காற்றுக்கு ஒரு வழி, மோட்டாரைக் குளிரவைக்கிற காற்றுக்குத் தனி விசிறியோடு இன்னொரு வழி. உறிஞ்சிய தண்ணீர் தொட்டியிலேயே விழுந்துவிடும். தொட்டி நிரம்பும்போது ஒரு மிதவை மேலேறி வாயை அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு ஏற்பாடுகள்தான். வாட் இல்லை, விலை இல்லை, பிராண்டும் இல்லை.

பழைய மெஷினுக்கு 3,800 ரூபாய் செலவழிக்க வேண்டாம். மழைத் தண்ணீர் குடித்த மெஷினைத் திறந்தால் விசிறித் தகடுகளின் இடுக்கில் பழைய தூசி களிமண்ணாகக் குழைந்து இறுகியிருக்கும், கார்பன் உரசும் செம்பு வளையம் கறுத்துப் போயிருக்கும், பேரிங் கையால் சுற்றினாலே கரகரக்கும். மோட்டாரை மட்டும் மாற்றினாலும் சுவிட்சும் உள் வயர்களும் அதே தண்ணீரில் நனைந்தவைதானே. செய்துதான் ஆக வேண்டும் என்றால் கழற்றிய பழைய மோட்டாரைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். இன்னொன்று, அந்த சர்வீஸ்காரரை எங்கே பிடித்தீர்கள்? கம்பெனி பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கிற ‘கஸ்டமர் கேர்’ எண்களில் போலிகள் நிறைய. கம்பெனி ஆள் மாதிரியே பேசுவார்கள், சட்டையில் லோகோகூட இருக்கும். வாரண்டி அட்டையில் அச்சாகியிருக்கும் எண்ணைத் தவிர வேறு எதற்கும் போன் செய்யாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீரை வேக்கம் கிளீனரால் வெளியேற்ற முடியுமா? முடியாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், நான் கணக்கோடு சொல்கிறேன். 100 சதுர அடித் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அது சுமார் 235 லிட்டர். உங்கள் ஹால் 300 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் இரண்டு அங்குலத்துக்கு 1,400 லிட்டர். 20 லிட்டர் மெஷின் என்று விற்பதில் மிதவை மூடுவதற்குள் 20 லிட்டர் பிடிக்காது. 14 லிட்டர் பிடித்தாலும் நூறு முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் 14 கிலோவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். அரை ஹெச்.பி. டிவாட்டரிங் பம்ப் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை இது. தெருவில் தண்ணீர் வாசற்படியைவிட உயரமாக நிற்கும்வரை பம்ப்பும் வீண்தான், வெளியே தள்ளியது திரும்பி வரும். அதனால் வாசலில் மணல்மூட்டை, பிறகு பம்ப், பம்ப் விட்டுவைக்கிற கடைசி அரை அங்குலத்துக்கு வைப்பர். வேக்கம் கிளீனரின் முறை அதற்கப்புறம்தான் வருகிறது. கட்டில் காலடி, ஸ்லைடிங் கதவின் தண்டவாளம், டைல்ஸ் இடுக்கு, நனைந்த சோபா மெத்தை என்று வைப்பரும் மாப்பும் நுழையாத இடங்களில் அதற்கு ஈடு வேறொன்று இல்லை. நனைந்த மெத்தையிலிருந்து அன்றே தண்ணீரை இழுத்துவிட்டால் பூஞ்சை வாடை வெகுவாகக் குறையும்.

அத்தோடு, தெருவில் தண்ணீர் நிற்கும்போது மின்வாரியம் கரண்ட்டை நிறுத்திவிடும். உயிர் போகாமல் இருக்க நிறுத்தத்தான் வேண்டும். இன்வெர்ட்டரில் போடலாமே என்று நினைக்காதீர்கள். வீடுகளில் இருக்கும் 850 வி.ஏ. இன்வெர்ட்டர் 1,400 வாட் மோட்டாரைத் தாங்காது. வருஷா வருஷம் மழைநீர் வடிகால் தோண்டுகிறார்கள், வருஷா வருஷம் அதே தெருக்களில் தண்ணீர் நிற்கிறது. குடிமக்கள் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கித் தீர்த்துக்கொள்ள வேண்டிய பிரச்சினையா இது? வடிகாலை வாய்க்காலோடு ஒழுங்காக இணைத்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியை எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

சரி, 48,000 ரூபாய் மெஷினுக்கு வருவோம். என்னிடம் கேட்பவர்களில் பலரும் ஏமாறும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அதிலிருக்கும் தண்ணீர்த் தொட்டி, இழுத்த தூசியைப் பிடித்துவைக்க நாம் ஊற்றும் தண்ணீருக்கானது. தரையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சுவது வேறு வேலை. ‘வாட்டர் ஃபில்டர்’ என்ற பெயரைக் கேட்டு இது மழைத் தண்ணீருக்கும் ஆகும் என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். அவர் உங்கள் வீட்டில் என்னென்ன செய்து காட்டியிருப்பார் என்று நானே சொல்கிறேன். குழாய் முனையில் கறுப்புத் துணியை வைத்து உங்கள் மெத்தையை இழுத்து, துணியில் ஒட்டிய வெள்ளைப் பொடியைக் காட்டி, இவ்வளவு பூச்சியில்தான் குழந்தைகள் படுக்கிறார்கள் என்று பயமுறுத்தியிருப்பார். அந்தப் பொடியில் பெரும்பகுதி பஞ்சுத் தூளும் நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலும்தான். தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆறாயிரம் ரூபாய் மெஷினில் அதே துணியை வைத்தாலும் அதே பொடி வரும்.

அடுத்து, குழாய் முனையில் ஒரு கனமான குண்டை ஒட்டவைத்துத் தூக்கிக் காட்டியிருப்பார். மூன்றரை சென்டிமீட்டர் குழாயும் 20 கிலோபாஸ்கல் உறிஞ்சு அழுத்தமும் இருந்தால் எந்த மெஷினும் இரண்டு கிலோவைத் தூக்கும். குழாய் வாய் அடைபட்டிருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ஆனால் காற்று ஓடாது. அழுக்கை அள்ளிக்கொண்டு போவது ஓடும் காற்று. குண்டு தூக்குவதைப் பார்த்து மெஷின் வாங்கவே கூடாது. 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டையும் உங்கள் முன் அனுமதியும் இல்லாமல் அவர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை, வாரண்டி எல்லாவற்றையும் விற்பதற்கு முன்பே அவர் சொல்லியாக வேண்டும். சட்டம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். தினமும் போன் தொல்லை தொடர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.

கடைக்காரர் சொன்ன 2,000 வாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாட் என்பது மெஷின் தின்கிற கரண்ட்டின் அளவு, அது இழுக்கிற இழுப்பின் அளவு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு உபயோகச் சாதாரண வேக்கம் கிளீனர்கள் 1,600 வாட்டைத் தாண்டக் கூடாது என்று 2014இல் விதித்து, 2017இல் அதை 900 ஆகக் குறைத்தார்கள். வீடுகள் அங்கே அழுக்காகிவிடவில்லை. இங்கே வாட்டைத்தான் பெட்டியில் பெரிதாக அச்சடிக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஓடும் காற்றின் அளவையும், உறிஞ்சு அழுத்தத்தைச் சொல்லும் கிலோபாஸ்கல் எண்ணையும்தான். அழுத்தம் 17 முதல் 22 கிலோபாஸ்கல் வரை இருந்தால் வீட்டுக்குப் போதும். 1,200 முதல் 1,600 வாட்டுக்குள், 15 அல்லது 20 லிட்டர் தொட்டியோடு ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் நல்ல மெஷின் கிடைக்கும். அதை 16 ஆம்ப்ஸ் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும். 6 ஆம்ப்ஸ் பாயின்ட்டிலிருந்து மெலிசு வயர் ஜங்ஷன் பாக்ஸ் போட்டு இழுத்தால் மெஷினுக்கு முன்னால் ஜங்ஷன் பாக்ஸ் உருகும். ஈரத் தரையில் ஓட்டப் போகிறீர்கள், ஆகவே வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் மெஷின் வாங்குவதற்கு முன் அதை மாட்டுங்கள். பிளக் பாயின்ட் நனைந்திருந்தால் அந்த அறையில் மெயினைப் போடவே கூடாது.

உபயோகிக்கும்போது கவனிக்க வேண்டியது நுரை. மழைக்குப் பிறகு சோப் ஆயில் ஊற்றித் தேய்த்துவிட்டு அந்த நுரைத் தண்ணீரை அப்படியே இழுக்கிறார்கள். மிதவை தண்ணீரில்தான் மிதந்து எழும்பும். நுரை மிதவையைத் தூக்காமல் அதைச் சுற்றிக்கொண்டு மேலே போய் மோட்டார் விசிறியில் ஏறிவிடும். வெட் அண்ட் டிரை மெஷின்கள் கெட்டுப்போக இது முக்கியக் காரணம். முதலில் வெறும் தண்ணீர் விட்டு நுரையைத் தணித்துவிட்டு இழுங்கள். சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறினால் மிதவை மூடிவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இழுக்கும் முன் தூசிப்பையையும் துணி ஃபில்டரையும் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் உறையை மாட்ட வேண்டும். டைல்ஸ் அறுத்த தூள், சிமென்ட் தூள், சூடான சாம்பல், பெட்ரோல், தின்னர் எதையும் இழுக்காதீர்கள். வெள்ளத் தண்ணீர் நின்ற தரையில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அதன்மேல் ஆசிட் ஊற்றவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மடிப்பாக்கம் என்றதும் தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கும் சம்ப் தொட்டி இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன். வெள்ளம் புகுந்த சம்ப்பின் அடியில் தங்கும் சேற்றையும் கடைசி நாலு விரல் தண்ணீரையும் எடுக்க இந்த மெஷின் நன்றாக உதவும், ஆனால் ஓர் எல்லை உண்டு. வேக்கம் கிளீனர் தண்ணீரை மேலே இழுப்பதில்லை. உள்ளே காற்றழுத்தம் குறைவதால் வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. ஒரு கிலோபாஸ்கலுக்குப் பத்து சென்டிமீட்டர் ஏறும். 18 கிலோபாஸ்கல் மெஷினில் 180 சென்டிமீட்டர், அதாவது ஆறடி. காற்றும் தண்ணீரும் கலந்து வந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். எட்டடி ஆழச் சம்ப்பில் மெஷின் உறுமும், தண்ணீர் பாதிக் குழாயில் நின்று ஆடும். நீளக் குழாய் வாங்கினாலும், வாட்டைக் கூட்டினாலும் மாறாது. இதைச் சரிசெய்ய மெஷினைச் சம்ப்புக்குள் இறக்குகிறார்கள். தயவுசெய்து இதை யாரையும் செய்யவிடாதீர்கள். ஈரச் சுவர், மூடிய குழி, ஓடுகிற மின்சாரம் மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு மனிதரை நிறுத்துவது கொலைக்குச் சமம். ஐந்தடிச் சம்ப் என்றால் மெஷின் தரையில் இருக்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும். அதைவிட ஆழம் என்றால் சேற்றைக் கலக்கிவிட்டு மட் பம்ப்பால் (சேற்றுத் தண்ணீரை இழுக்கும் பம்ப்) எடுக்கச் சொல்லுங்கள்.

வாங்கும் நாளில் கடையில் ஒரு பக்கெட் தண்ணீர் கேளுங்கள். டெமோ பீஸ் இருந்தால் அதில் காட்டச் சொல்லுங்கள். தொட்டி நிரம்பும்வரை இழுக்கச் சொல்லி, மிதவை தானாக மூடுகிறதா, மூடியதும் சத்தம் மாறுகிறதா என்று நின்று பாருங்கள். மறுக்கும் கடையை விட்டு வந்துவிடுங்கள். ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்று ஆயிரம் ரூபாய் சேர்ப்பார்கள், தண்ணீரால் வரும் கோளாறு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அடங்காது என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு ஸ்பாஞ்ச் உறையும் ஒரு துணி ஃபில்டரும் வாங்கி வையுங்கள். பில்லில் மாடல் எண்ணும் ‘வெட் அண்ட் டிரை’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். பிறகு தகராறு வந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அங்கே முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.