ஓடையில் கிடைத்த கல்லுக்கு என்ன வயது?

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் ஆதிமனிதர்களின் கற்கருவிகள் கிடைக்கும் அத்திரம்பாக்கத்துக்கு நண்பர்களோடு போன என் மகன், மழைநீர் ஓடையில் கிடந்த கைக்கோடரி (கையில் பிடித்து வெட்டச் செதுக்கிய கல்) ஒன்றை எடுத்து வந்திருக்கிறான். 15 லட்சம் வருஷம் பழசு என்கிறான். உண்மையா?
– வாசகி, பல்லாவரம், சென்னை

பதில்: 15 லட்சம் என்பது அங்கே அடியில் இருக்கும் களிமண் அடுக்குக்குச் சொன்ன கணக்கு அம்மா. உங்கள் வீட்டுக்கு வந்த கல்லுக்கு அது அப்படியே பொருந்தாது.

தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே 1999 முதல் தோண்டிய குழிகளில் கீழே களிமண், அதற்கு மேல் சரளை, வண்டல் என்று அடுக்கு மாறிக்கொண்டே வருகிறது. களிமண்ணில் பெரிய கைக்கோடரிகள். மேலே போகப் போகக் கைவேலையே வேறு. கல்லை முன்கூட்டியே பதமாகச் செதுக்கி வைத்து, அதிலிருந்து பெயர்த்தெடுத்த சின்னச் செதில்கள். இவை சுமார் 3,85,000 முதல் 1,72,000 ஆண்டுகளுக்கு முந்தியவை.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. களிமண்ணில் பதிந்திருந்த காந்தத் திசை தலைகீழாக இருந்தது. பூமியின் காந்தம் கடைசியாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அப்படியானால் அந்தக் களிமண் அதற்கும் மூத்தது. அப்புறம், கல்லுக்குள் இருக்கும் அலுமினியம், பெரிலியம் அணுக்களை அளந்து, அது எவ்வளவு காலம் புதைந்து கிடந்தது என்று கணக்கிட்டார்கள். மேலடுக்குகளில், மணல் துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று சோதித்தார்கள். எல்லாமே மண்ணையும் புதைந்த ஆழத்தையும் நம்பிய கணக்கு.

ஓடையில் கிடந்த கல்லுக்கு அந்த மண் இல்லை. மழை அரித்துக் குடைந்த நிலம் அது. மேலடுக்குக் கல்லும் கீழடுக்குக் கல்லும் உருண்டு வந்து ஒரே பள்ளத்தில் கிடக்கும். வடிவத்தை வைத்துப் பழைய கற்காலம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அப்படியும் அது எந்த வளைவில் கிடந்தது என்பது ஆய்வாளருக்கு உதவும். ஞாபகத்துக்கு ஒன்று என்று ஆளுக்கு ஒரு கல் தூக்கி வருவது எனக்கு ரொம்ப வேதனையாக இருக்கிறது. 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது உங்கள் பல்லாவரத்தில்தான். அந்த ஊர்ப் பையனுக்கு இதைச் சொன்னால் புரியும்.

கல்லைத் தேய்த்துக் கழுவவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். திரும்பக் கொண்டுபோய் ஓடையில் போடவும் வேண்டாம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. மகனையே அங்கே கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லுங்கள். எடுத்த இடத்தை மொபைலில் படம் பிடித்திருந்தால் அதையும் காட்டட்டும்.