அரேஞ்ச்மென்ட் பீரியட்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

கல்யாணமாகி தில்லிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மயூர் விஹாரில் இருக்கிறோம். பி.எஸ்ஸி. கணிதம், 62 சதவீதம். பி.எட். படிக்கவில்லை. பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் 'டீச்சர் டிரெய்னி' என்று ஒரு வருஷத் திட்டம் இருக்கிறது. பள்ளியிலேயே பயிற்சி, சின்னதாக ஸ்டைபண்ட், முடிவில் சான்றிதழ். இதை முடித்தால் பி.எட். தேவைப்படாது என்று அங்கே சொன்னார்கள். வீட்டில் நேராக பி.எட். சேரச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாமா? அந்த ஒரு வருஷத்தில் உண்மையில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? என் ஹிந்தியும் சுமார்தான். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, தில்லி

அன்புள்ள வாசகிக்கு,

'பி.எட். தேவைப்படாது' என்பது தவறு. அந்தச் சான்றிதழுக்கு அந்தப் பள்ளியின் கேட்டுக்கு வெளியே மதிப்பு கிடையாது. எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த என்ன தகுதி வேண்டும் என்று என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்) 2010-லேயே அறிவித்துவிட்டது. பள்ளிகள் உள்ளுக்குள் நடத்தும் பயிற்சி அந்தப் பட்டியலில் இல்லை.

எந்த வகுப்புக்குப் போகப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை என்றால் இரண்டு வருஷ டி.எல்.எட். (தொடக்கக் கல்வி டிப்ளமோ) வேண்டும். பி.எட். வைத்துக்கொண்டு தொடக்க வகுப்புக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. இது தெரியாமல் இன்னமும் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணிதப் பட்டத்துக்குப் பொருத்தம் ஆறு முதல் பத்து வரை. அதற்கு பி.எட்., கூடவே சி-டெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள். பி.எட். படித்துக்கொண்டிருக்கும்போதே அதை எழுதலாம். 150 கேள்வி, இரண்டரை மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், 90 எடுத்தால் தேர்ச்சி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, இரண்டு மொழிகளுக்குத் தலா 30, கணக்கும் அறிவியலும் சேர்த்து 60. மொழிகளில் ஒன்றாகத் தமிழை எடுக்கலாம். தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்த உங்களுக்கு அது லாபம். (தில்லியில் பிறந்து வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு அதுவே நஷ்டம்.)

இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. ரெகுலர் பி.எட்.டில் வகுப்புக்கு 80 சதவீதமும் பள்ளி இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும். 'வராமலே முடிக்கலாம்' என்று பக்கத்து மாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள் உங்களிடமும் வருவார்கள். வேண்டாம். இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை பி.எட். இருக்கிறதே என்று தோன்றலாம். அது ஏற்கனவே முறையான ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும். டிரெய்னி வருஷம் அந்தக் கணக்கில் சேராது.

பிறகு எதற்கு அந்த ஒரு வருஷம்? வகுப்பறைக்காக. பி.எட்.டில் இரண்டு வருஷத்துக்குமாகப் பள்ளியில் இருப்பது 20 வாரம்: முதல் வருஷம் 4, இரண்டாம் வருஷம் 16. மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று வைப்பார்கள். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் விமர்சனம், 12 நிமிடம் மாற்றி எழுதுவது, மறுபடி 6, மறுபடி 6, மொத்தம் 36. யோசனை நல்லதுதான். ஆனால் எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருப்பது உங்கள் சக மாணவிகள். அவர்கள் தப்பான விடை சொல்ல மாட்டார்கள். ஆசிரியர் வேலை ஆரம்பமாவதே தப்பான விடையிலிருந்துதான்.

ஆறாம் வகுப்பில் 1/3 + 1/4 கொடுக்கிறீர்கள். ஒரு பையன் 2/7 என்று எழுதியிருக்கிறான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றே: போர்டில் மீ.சி.ம. முறையை எழுதி, எல்லாரையும் காப்பி பண்ணச் சொல்வது. அன்று சரியாக எழுதுவான். அடுத்த வாரம் மறுபடி 2/7. மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டினால் ஏன் வராது என்பதை யாரும் தொடவே இல்லையே! அவன் முறையிலேயே 1/2 + 1/2 போடச் சொல்லுங்கள். 2/4 வரும். 'அரை ரொட்டியும் அரை ரொட்டியும் சேர்ந்தால் அரை ரொட்டிதானா?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மூடிக்கொள்வதுதான் கஷ்டம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அளந்து காட்டினார். அதை மூன்று விநாடி ஆக்கினால் விடைகள் நீளமாகின்றன, சும்மா இருந்த பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

ஒரு விநாடியில் நீங்களே விடை சொல்லிவிட்டது உங்களுக்குத் தெரியாது. பின் பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் டிரெய்னி வருஷத்தின் மதிப்பு அந்தப் பின் பெஞ்சு ஆளைப் பொறுத்தது. 'உங்களுக்கு ஒரு மென்டர் (வழிகாட்டும் ஆசிரியர்) உண்டு' என்று எல்லாப் பள்ளியும் சொல்லும். நீங்கள் டைம்டேபிளைக் கேளுங்கள். மென்டருக்கும் உங்களுக்கும் வாரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பீரியடாவது ஓய்வு இருக்கிறதா? இல்லையென்றால் பேச்சு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று, இந்த மாதிரித் திட்டங்கள் பெரும்பாலும் கெட்டுப்போகிற இடம்: அரேஞ்ச்மென்ட். ஒரு டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கு யாரை அனுப்புவது? டிரெய்னியை. நாளுக்கு ஒன்று என்று ஆரம்பிக்கும். ஜூலை வந்தால் நாளுக்கு மூன்று. ஏழாம் வகுப்பு சமூக அறிவியல், எட்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் என்று கூட்டத்தை அடக்கி வைத்திருப்பதே வேலையாகிவிடும். அதில் கற்றுக்கொள்வது கத்துவதைத்தான்; மூன்றாவது வாரம் தொண்டை கட்டிக்கொள்ளும். வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை அரேஞ்ச்மென்ட் என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். மூன்றுக்கு மேல் என்றால் அவர்கள் தேடுவது டிரெய்னியை அல்ல.

ஒழுங்கான வருஷம் ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் இரண்டு வாரம் பார்ப்பது மட்டும். அதுவும் டீச்சரை அல்ல, மூன்று பிள்ளைகளை. யார் எப்போது எழுதுவதை நிறுத்துகிறார்கள் என்று நேரத்தோடு குறியுங்கள். அடுத்த ஒரு மாதம், மென்டரின் பாடத்தில் பத்து நிமிடம் மட்டும் உங்களுடையது. பிறகு நாளுக்கு ஒரு முழுப் பீரியட். அக்டோபர் வாக்கில் ஒரு பாடத்தை முழுசாக எடுத்து, டெஸ்ட் வைத்து, பேப்பரும் நீங்களே திருத்துவது. 40 நிமிடப் பீரியட் என்பதை 30 என்று கணக்குப் போடுங்கள். உள்ளே வருவதும் நோட்டு எடுப்பதும் மிச்சத்தைத் தின்றுவிடும். 40 நிமிடத்துக்குத் திட்டம் போட்டவர்கள் பெல் அடிக்கும்போது வீட்டுப்பாடத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இங்கிலாந்தில் பள்ளியிலேயே பயிற்சி பெறுகிறவர்களுக்கும் குறைந்தது 120 நாள், இரண்டு பள்ளிகளில் என்று விதி. ஒரே பள்ளியில் இருந்தால் அங்கே நடப்பதுதான் பாடம் நடத்துவது என்று நினைத்துக்கொள்வோம். உங்களுக்கும் ஓரிரு வாரம் வேறு பள்ளியில் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துப் பள்ளிகளில் விசாரித்துப் பார்க்கலாம்.

ஹிந்தி விஷயம். இலக்கணம் பிறகு வரும், முதலில் எண்கள். உன்சட் 59, உன்ஹத்தர் 69, உனாசி 79, நவாசி 89. பிள்ளைகள் வாய்க்கணக்கை இதில்தான் சொல்வார்கள். ஒருத்தி 'உனாசி' என்றால் அது 79-ஆ 89-ஆ என்று நீங்கள் யோசிக்கிற நேரத்தில் வகுப்பு கை நழுவிவிடும். நூறு வரை மனப்பாடம் செய்துவிடுங்கள், பதினைந்து நாள் போதும். இன்னொன்று, இங்கே 'காப்பி' என்றால் நோட்டு. முதல் நாளே யாராவது 'மேம், காப்பி' என்று நீட்டுவார்கள். நம் ஊர்க் காப்பி இல்லை.

பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எழுதச் சொன்னால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்து வைக்காதீர்கள். அனுபவக் கடிதத்தில் எந்த வகுப்பு, எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள்.

டைம்டேபிளும் அரேஞ்ச்மென்ட் கணக்கும் சரியாக இருந்தால் சேருங்கள், அடுத்த வருஷம் பி.எட். இல்லையென்றால் உங்கள் வீட்டார் சொல்வதுதான் சரி. முடிவுக்கு முன் அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், திங்கட்கிழமையாக இருக்கட்டும். லீவு போட்டவர்கள் அன்று அதிகம் இருப்பார்கள். இப்போதிருக்கும் டிரெய்னிகள் எந்த வகுப்பில் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.